மூணு சுழி ண தெரியுதா?



நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள். 1986ஆம் வருஷத்து ஐந்தாம் வகுப்பு செட் மட்டும் கட்டாயம் கடைசிவரை படிக்க வேண்டும். உங்களுக்கு வீட்டுப்பாடம் இருக்கிறது.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் கூடியதை நான் மறக்கமாட்டேன். இத்தனை வருஷம் கழித்து அத்தனை பேர் வந்ததே பெரிய விஷயம். அன்றைக்கு நம் வகுப்பு குரூப் போட்டோவை ஏதோ ஒரு ஆப்பில் போட்டு 'ஹெச்டி' ஆக்கி, பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, ஃப்ரேம் மாட்டி ஆளுக்கொன்று கொடுத்தீர்கள். எனக்கும் ஒன்று. உங்கள் வகுப்பில் படித்து அடுத்த வருஷமே மஞ்சள் காமாலையில் போய்விட்டானே ஒரு பையன், அவன் அம்மாவுக்கும் ஒன்று கொடுக்க வேண்டும் என்று உங்களில் நான்கு பேர் என்னையும் அழைத்துக்கொண்டு கோலடிக்குப் போனீர்கள். பெயர் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும்.

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு முகமாக விரல் வைத்துத் தேடினார். "எல்லாப் பசங்களும் அழகா இருக்காங்க டீச்சர். எம்புள்ள எங்க?" என்றார். மூன்றாவது வரிசையில், வலது ஓரத்திலிருந்து இரண்டாவது முகத்தை நான் காட்டினேன். "இதுவா?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "எனக்கு வயசாயிடுச்சு டீச்சர், பெத்த புள்ள மொகமே மறந்துபோச்சு" என்று தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு ஃப்ரேமை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அவர் எதையும் மறக்கவில்லை. படத்தில் இருந்தது அவர் பிள்ளை இல்லை. எடுப்பான மூக்கு, பளிச்சென்ற கண், வரிசையான பல்லோடு எவனோ ஒரு பையன் அங்கே நின்றுகொண்டிருந்தான். அந்த ஆப் தானாக வரைந்த முகம் அது. அவனுக்கு இருக்கிற ஒரே போட்டோ இந்த குரூப் போட்டோதான் என்பதால் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்தது. என்ன தப்பு என்று உங்களுக்கு விளக்கத் தெரியவில்லை.

விளக்கம் சித்திரை மாதத்தில் என் தங்கை மகன் ரூபத்தில் வந்தது. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவன் ஒரு கேமரா கொண்டுவந்தான். டிஜிட்டல் கேமராதான், ஆனால் கறுப்பு வெள்ளை மட்டும்தான் எடுக்கும். விலை லட்சத்தைத் தாண்டும் என்றான். "ஏன்டா, கலரும் வராத கேமராவுக்கா இவ்வளவு காசு?" என்றேன். "கலர் வராததனாலதான் பெரியம்மா இது இவ்வளவு ஷார்ப்பா எடுக்கும்" என்றான். அவனுக்கு மொட்டை மாடியிலிருந்து கருமாரியம்மன் கோயில் கோபுரத்தை எடுக்க ஆசை. நான் விடவில்லை. "ஷார்ப்புன்னு சும்மா சொல்லாதே. பரீட்சை வச்சுப் பார்த்துட்டுச் சொல்லு" என்றேன். முப்பத்தைந்து வருஷம் பரீட்சை வைத்த கை, சும்மா இருக்குமா?

முதலில் அவன் சொன்ன பாடத்தை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கேமராவுக்குள் ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போது சென்சார் இருக்கிறது. அதில் லட்சக்கணக்கான குட்டிப் புள்ளிகள். வாசலில் புள்ளிக் கோலத்துக்கு வரிசையாகப் புள்ளி வைப்போமே, அந்த மாதிரி. ஒவ்வொரு புள்ளியும் தன் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று மட்டும்தான் அளக்கும். நிறம் அதற்குத் தெரியாது. நிறம் தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு வண்ணக் கண்ணாடி மூடி வைக்கிறார்கள். பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். கோடாக் கம்பெனியில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவர் 1976இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நம் செல்போன் வரைக்கும் இன்றைக்கும் இந்த ஏற்பாடுதான்.

24 மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்கிறார்களே, அது 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். அதில் 1 கோடியே 20 லட்சம் பச்சையை மட்டும் பார்க்கும். 60 லட்சம் சிவப்பை மட்டும், 60 லட்சம் நீலத்தை மட்டும். பச்சைப் புள்ளிக்குத் தன் இடத்தில் சிவப்பு எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று தெரியாது. பக்கத்துப் புள்ளிகளைக் கேட்டு ஒரு கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். அதாவது நம் கலர் படத்தில் மூன்றில் இரண்டு பங்கு விவரம் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதியது.

கறுப்பு வெள்ளை கேமராவில் அந்த வண்ணக் கண்ணாடியே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தன் வெளிச்சத்தைத் தானே அளந்து எழுதும். யாரையும் கேட்காது. கண்ணாடி வெளிச்சத்தை விழுங்காததால் மங்கலான இடத்திலும் நன்றாக எடுக்கும். லைகா கம்பெனி 2012இல் இப்படி ஒரு கேமரா விட்டது, பென்டாக்ஸ் 2023இல் விட்டது. இவன் கையில் இருந்த கேமராவின் பெயர் நமக்கு வேண்டாம். நான் கேமரா விற்க வரவில்லை.

சரி, பரீட்சை எப்படி வைப்பது? வெளிநாட்டில் இதற்கென்று அச்சடித்த அட்டைகள் இருக்கின்றன. மூன்று மூன்று கோடுகளாகச் சிறிதாகிக்கொண்டே போகும் அமெரிக்க விமானப்படையின் 1951 அட்டை ஒன்று. தேர்ச்சக்கரத்து ஆரக்கால் மாதிரி நடுவை நோக்கிக் குவியும் சீமென்ஸ் நட்சத்திரம் ஒன்று. எங்கள் வீட்டில் அதெல்லாம் ஏது? நான் ஒரு அட்டை தயார் செய்தேன். ண, ன, ந.

ஒன்றாம் வகுப்பு டீச்சரைக் கேளுங்கள், தமிழில் கண்ணுக்குக் கஷ்டமான எழுத்து எது என்று. ரெண்டு சுழி ன, மூணு சுழி ண என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை போனது. ஒரே ஒரு சுழிதான் வித்தியாசம். அந்தச் சுழி தெரிந்தால் படம் தெளிவு, தெரியாவிட்டால் தெளிவில்லை. இதைவிட நல்ல அளவுகோல் எந்த நாட்டு அட்டையில் இருக்கிறது? புள்ளி வைத்த க், வைக்காத க என்று ஒரு வரியும் சேர்த்தேன். ஜெராக்ஸ் கடையில் 36 பாயிண்டில் ஆரம்பித்து 24, 18, 14, 12, 10, 8 என்று வரிக்கு வரி சின்னதாக்கி ஐந்து பிரதி எடுத்தோம். எழுத்துகளை மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். 'கண்ணன்', 'அண்ணன்' என்று சொல்லாக எழுதினால் நம் கண்ணே ஊகித்துவிடும். ஊகிக்க இடம் கொடுத்தால் அது பரீட்சை ஆகாது.

மாடிச் சுவரில் நடுவில் ஒன்று, நான்கு மூலையில் நான்கு ஒட்டி, பன்னிரண்டடி தள்ளி ஸ்டாண்டில் கேமராவை வைத்தோம். கேமரா சுவருக்கு நேராக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் ஒரு மூலை மங்கும், நாம் லென்ஸைத் திட்டுவோம். அதற்கு அவன் ஒரு நல்ல உபாயம் சொன்னான். சுவரின் நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு கேமராவில் பார்த்தால், லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் தெரிய வேண்டும். தெரிந்தால் நேர். கையால் பட்டனை அழுத்தினால் ஆடும் என்று டைமர் வைத்தோம். ஒவ்வொரு படத்துக்கும் ஃபோகஸை முழுக்கக் கலைத்துவிட்டு மறுபடி வைத்தோம். ஒரு தடவை சரியாக விழுந்தது அதிர்ஷ்டமாக இருக்கலாம், ஐந்து தடவை விழுந்தால்தான் திறமை.

முதல் இருபது படமும் மங்கல்! அவன் முகம் சுருங்கிவிட்டது. பார்த்தால் கீழே போர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மாடி முழுக்க லேசான அதிர்வு. மோட்டாரை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தோம். பிள்ளைக்கு மார்க் குறைந்தால் கேள்வித்தாளில் தப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வேனே, அதேதான்.

லென்ஸின் துளையை மாற்றி மாற்றி எடுத்தோம். எஃப்/2.8 என்று துளை பெரிதாக இருந்தபோது நடு அட்டை நன்றாகவும் மூலை அட்டைகள் மசங்கலாகவும் வந்தன. எஃப்/5.6, எஃப்/8 வைத்தபோது ஐந்து அட்டையும் நன்றாக வந்தன. துளையை இன்னும் சுருக்கினால் இன்னும் தெளிவாகும் என்று நான் நினைத்தேன். எஃப்/16இல் எல்லாமே மறுபடி மசங்கிவிட்டது. துளை ரொம்பச் சின்னதானால் ஒளி அதன் ஓரத்தில் வளைந்து பரவிவிடுமாம்.

அதே லென்ஸை, அதே 24 மெகாபிக்சல் உள்ள அவனுடைய பழைய கலர் கேமராவில் மாட்டியும் எடுத்தோம். என் செல்போனை முன்னால் நகர்த்தி, சுவர் அதே அளவு தெரியும்படி வைத்து அதிலும் எடுத்தோம். கடைசியில், செல்போன் படத்தை நீங்கள் பயன்படுத்திய மாதிரியான ஒரு ஆப்பிலும் போட்டோம்.

மார்க் லிஸ்ட் இதோ.

கறுப்பு வெள்ளை கேமரா: 12 பாயிண்ட் வரி வரை ண-வுக்கு மூன்று சுழியும் எண்ண முடிந்தது. 10இல் தடுமாற்றம். 8இல் வெறும் சாம்பல் தீற்றல்.

கலர் கேமரா: 14 வரை சரியாகப் படித்தது. 12இல் பாதி சரி, பாதி சந்தேகம். இவ்வளவு பேசிவிட்டு ஒரே ஒரு வரிதான் வித்தியாசமா என்று கேட்பீர்கள். ஆமாம், ஒரு வரிதான். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா?

செல்போன்: பார்த்தவுடன் இதுதான் முதல் மார்க் என்று தோன்றியது. எழுத்தெல்லாம் கன்னங்கரேலென்று இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கறுப்பு எழுத்தைச் சுற்றியும் ஒரு வெள்ளைக் கோடு, சுண்ணாம்பு தடவியது மாதிரி. பேப்பரில் அப்படி ஒரு கோடு இல்லை. தெளிவாகத் தோன்றுவதற்காகச் செல்போன் தானாகப் போடும் மை அது. 14 பாயிண்ட் வரியில் சில ண, ன ஆகிவிட்டிருந்தது.

ஆப்: 8 பாயிண்ட் வரியைக்கூட முத்து முத்தாக எழுதிக் காட்டியது! படித்துப் பார்த்தேன். தமிழிலேயே இல்லாத எழுத்துகள். சுழி இருக்கிறது, கொம்பு இருக்கிறது, கால் இருக்கிறது. ஆனால் 247இல் எதுவும் இல்லை.

எனக்கு உடனே ஒன்றாம் வகுப்பு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளை இருக்கும். "பாடத்தை வாசி" என்றால் கணீரென்று வாசிக்கும், ஒரு தடங்கல் இருக்காது. கிட்டப் போய்ப் பார்த்தால் புத்தகம் தலைகீழாக இருக்கும். படத்தைப் பார்த்து மனப்பாடமாக ஒப்பித்திருக்கும். இன்னொரு பிள்ளை எழுத்துக்கூட்டித் திக்கித் திணறி வாசிக்கும், தெரியாத எழுத்து வந்தால் நின்று என் முகத்தைப் பார்க்கும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் அதிகாரி முதல் பிள்ளையைத்தான் தட்டிக்கொடுப்பார். எனக்குத் தெரியும், இரண்டாவது பிள்ளைதான் வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது என்று.

கறுப்பு வெள்ளை கேமரா அந்த இரண்டாவது பிள்ளை. 8 பாயிண்ட் வரி தெரியவில்லை என்றால் 'தெரியவில்லை' என்று சாம்பலாகக் காட்டிவிட்டது. அதுதான் அதன் பெருமை என்று நான் சொல்வேன். கலர் கேமரா பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதுகிறது என்றேன். ஆனாலும் அந்தப் பக்கத்துப் புள்ளி அந்தச் சுவரைத்தான் பார்த்தது. ஆப் அப்படி இல்லை. அது எங்கெங்கோ பார்த்த லட்சக்கணக்கான படங்களின் மனப்பாடத்திலிருந்து ஒப்பிக்கிறது. அது நம் சுவரையும் பார்க்கவில்லை, கோலடிப் பையனையும் பார்க்கவில்லை.

கறுப்பு வெள்ளையிலும் குறை உண்டு. அம்மன் குங்குமத்தையும் வேப்பிலையையும் ஒரே தட்டில் வைத்து எடுத்தோம். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல்! லென்ஸ் முன்னால் சிவப்புக் கண்ணாடி மாட்டினால் குங்குமம் வெளுத்துவிட்டது, பச்சைக் கண்ணாடி மாட்டினால் கறுத்துவிட்டது. ஆக அது எல்லாவற்றையும் சொல்லும் கேமரா இல்லை. தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லும் கேமரா.

"டீச்சர், ஒரு போட்டோவுக்கு இவ்வளவு பெரிய விஷயமா?" என்று கேட்பவர்களுக்காக, நம் சென்னையில் நடந்த ஒரு சங்கதியை ஞாபகப்படுத்துகிறேன்.

2019 செப்டம்பர் 7ஆம் தேதி அதிகாலை சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கும்போது தொடர்பு அறுந்தது. நாம் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அது விழுந்த இடத்தைத் தேடி நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் செப்டம்பர் 17 அன்று படம் எடுத்தது. அந்தக் கேமராவும் கறுப்பு வெள்ளை டிஜிட்டல் கேமராதான். அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 1.3 மீட்டர். சூரியன் அடிவானத்தை ஒட்டி இருந்ததால் எங்கு பார்த்தாலும் நீள நீள நிழல். நாசா படத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது.

மதுரையைச் சேர்ந்த, சென்னையில் வேலை பார்த்த சண்முக சுப்பிரமணியன் என்ற எஞ்சினியர் அதை வீட்டில் லேப்டாப்பில் வைத்து, அதே இடத்தின் பழைய படத்தோடு அங்குலம் அங்குலமாக ஒப்பிட்டுப் பார்த்தார். பழைய படத்தில் இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி புதிய படத்தில் இருந்தது. ஒன்றே ஒன்று! அதை அவர் நாசாவுக்கு எழுதினார். அவர்கள் உடனே 'ஆஹா' என்று சொல்லிவிடவில்லை. அக்டோபர் 14, 15 தேதிகளிலும், நவம்பர் 11 அன்றும் மறுபடி படம் எடுத்தார்கள். நவம்பர் படத்தில் வெளிச்சம் நன்றாக இருந்தது, ஒரு புள்ளிக்கு 0.7 மீட்டர் என்று துல்லியமும் கூடியிருந்தது. முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்து, டிசம்பர் தொடக்கத்தில் அவர் பெயரைச் சொல்லி அறிவித்தார்கள். லேண்டர் மோதிய இடத்திலிருந்து வடமேற்கே சுமார் 750 மீட்டர் தூரத்தில் கிடந்த உடைசல் அது. உடைந்த பெரிய துண்டுகள் மூன்றும் படத்தில் எவ்வளவு பெரிது தெரியுமா? இரண்டுக்கு இரண்டு புள்ளி. ஒவ்வொன்றின் நிழலும் ஒரு புள்ளி.

அந்த முதல் படத்தை நீங்கள் அந்த ஆப்பில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்று, தூசி என்று அந்தப் புள்ளியைத் துடைத்திருக்கும். இல்லை, அழகான பாறை ஒன்றை வரைந்திருக்கும். ஒரு புள்ளிக்கு மதிப்பு வந்தது, அந்தக் கேமரா அதை ஒப்பிக்காமல் அளந்து வைத்ததால்தான்.

நம் இஸ்ரோவிலும் இதே கதைதான். 2019 நவம்பரில் போன கார்ட்டோசாட்-3 செயற்கைக்கோள் கறுப்பு வெள்ளையில் தரையில் 25 சென்டிமீட்டர் வரை பிரித்துப் பார்க்கும், வண்ணத்தில் ஏறக்குறைய 1 மீட்டர்தான். சந்திரயான்-2இன் ஆர்பிட்டர் விழாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதிலுள்ள கறுப்பு வெள்ளை கேமரா 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 25 சென்டிமீட்டர் வரை பார்க்கும். விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய இடத்தில் பாறை எங்கே, பள்ளம் எங்கே என்று முன்கூட்டிப் பார்க்க அந்தக் கேமராவின் படங்கள் உதவின. அங்கே போய் இல்லாத இடத்தை வழவழப்பாக்கிக் காட்டினால் லேண்டர் கவிழ்ந்துவிடும்.

நிலவு ரொம்பத் தூரம் என்றால் நம் தெருமுனைக்கு வாருங்கள். ராத்திரியில் சிசிடிவி கேமராவும் கறுப்பு வெள்ளைக்குத்தான் மாறுகிறது. நாளைக்கு ஒரு செயின் பறிப்பு நடந்து, டிஎன் 12 என்று தொடங்கும் ஒரு வண்டியின் மங்கலான நம்பரை யாராவது ஆப்பில் போட்டுத் தெளிவாக்கினால், 3 என்பது 8 ஆகலாம். 8ஆம் நம்பர் வண்டிக்காரன் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும். கேமரா வைத்த தெருக்காரர்கள் ஒரு வேலை செய்யுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் உங்கள் வண்டியையே ஒவ்வொரு வீட்டு கேட் முன்னாலும் நிறுத்தி, எத்தனையாவது வீடு வரை நம்பர் படிக்க முடிகிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள். அதற்கு அப்பால் அந்தக் கேமரா சொல்லும் நம்பரை நம்பாதீர்கள்.

இப்போது கோலடிக்குத் திரும்புகிறேன்.

அந்த குரூப் போட்டோவின் அசல் பிரதி என் ட்ரங்குப் பெட்டியில் இருந்தது. அட்டையில் ஒட்டிய, பத்து அங்குல அகலமுள்ள படம். உங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றியது யாரோ ஒருவர் கண்ணாடி ஃப்ரேமோடு செல்போனில் எடுத்து அனுப்பியது. அனுப்ப அனுப்பச் சுருங்கி, அந்தப் பையன் முகத்தின் குறுக்கே 50 புள்ளிகூட மிச்சமில்லை. அதை வைத்துக்கொண்டுதான் ஆப் முகம் வரைந்திருக்கிறது. தங்கை மகன் அசலை மேசையில் சமமாக வைத்து, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, மறுபடியும் கண்ணாடி வைத்து நேர் பார்த்து, எஃப்/8இல் எடுத்தான். முகத்தின் குறுக்கே கிட்டத்தட்ட 200 புள்ளி.

அப்பவும் முகம் மங்கல்தான். மற்ற பிள்ளைகள் முகம் எல்லாம் நன்றாக விழுந்திருக்கிறது, அவன் முகம் மட்டும் கொஞ்சம் இழுபட்டிருக்கிறது. போட்டோக்காரர் "அசையாதீங்க" என்று கத்தியபோது திரும்பியிருக்கிறான். எந்தக் காலத்தில் அவன் அசையாமல் நின்றான்? ஆனால் சட்டை நன்றாக விழுந்திருந்தது. நெஞ்சுப் பக்கம் சின்னதாக ஒரு வெள்ளை மினுக்கு. தூசி என்று நினைத்து அசலையே துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. உங்கள் ஹெச்டி படத்தை எடுத்து ஒப்பிட்டேன். அங்கே ஒரு அழகான பட்டன் இருந்தது.

அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு நானே எடுத்துப் போனேன். அந்த அம்மா இந்தத் தடவை விரல் வைத்துத் தேடவில்லை. நேராக அந்த இடத்துக்குப் போனார். "ஊக்கு டீச்சர். காலையில பட்டன் அறுந்துபோச்சு. தைக்க நேரமில்ல, போட்டோ புடிக்கிறாங்கன்னு ஓடறான். நான்தான் ஊக்கு குத்தி வுட்டேன்" என்றார். அப்புறம் மங்கலான முகத்தைப் பார்த்து, "திரும்பிட்டான் பாருங்க, கழுத நிக்கவே மாட்டான்" என்று சிரித்தார். ஆப் தூசி என்றோ பட்டன் என்றோ முடிவு செய்து அழித்தது இதைத்தான்.

அதைச் செய்த தம்பி, உன் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. ஆசையாகச் செய்தாய். கல்யாணப் படம், டூர் படம் எதையாவது அழகுபடுத்திக்கொள், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒருவர் இல்லாமல் போன பிறகு அவருக்குச் சாட்சியாக இருக்கிற படம், வழக்குக்கு வைக்கிற படம், டாக்டர் பார்க்கிற எக்ஸ்ரே, நிலப் பத்திரம், இவற்றில் மங்கலாக இருப்பது மங்கலாகவே இருக்கட்டும். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதினால் நான் அன்றைக்கே மார்க் குறைப்பேன். இன்றைக்கும் அதே சட்டம்தான்.

இனி வீட்டுப்பாடம்.

ஒன்று: அந்த ஃப்ரேம்களை எல்லாம் கழற்றுங்கள். புதிய படத்தை அனுப்புகிறேன், மாற்றிக்கொள்ளுங்கள். குரூப்பில் வைத்திருக்கும் படத்தையும் மாற்றுங்கள்.

இரண்டு: வீட்டில் பழைய போட்டோ இருந்தால் ஃப்ரேமிலிருந்து எடுத்து 600 டிபிஐ வைத்து ஸ்கேன் செய்யுங்கள். லட்ச ரூபாய் கேமரா வேண்டாம். பத்து அங்குலப் படத்துக்கு 600 வைத்தால் குறுக்கே 6,000 புள்ளி கிடைக்கும், அந்தக் கேமரா எடுத்த அளவேதான். மேசை ஸ்கேனர் ஒவ்வொரு இடத்திலும் மூன்று நிறத்தையும் தானே அளக்கும், பக்கத்தில் கேட்காது. 'தூசி நீக்கு', 'கூர்மையாக்கு' என்று தானாகச் செய்யும் வசதிகளை அணைத்துவிடச் சொல்லுங்கள். ஊக்கு போய்விடும்.

மூன்று: படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் யார் யார் என்று எழுதி வையுங்கள். முகம் மங்கலாக இருந்தாலும் பெயர் தெளிவாக இருக்கட்டும்.

கடைசியாக, உங்கள் செல்போன் எவ்வளவு தூரம் உண்மையாக வாசிக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ண, ன, ந என்று மாற்றி மாற்றி எழுதிச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். முடிவை எனக்கு எழுதுங்கள். தெரியாத வரிக்கு 'தெரியவில்லை' என்று எழுதினாலே முழு மார்க்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திருவேற்காடு.